மீண்டும் மீண்டும் தொடங்கிய இலக்கியம்

1639ஆம் ஆண்டு டான்சிக் நகரில், இன்றைய போலந்தின் கிதான்ஸ்க்கில், மார்ட்டின் ஒபிட்ஸ் என்ற கவிஞர் ஒரு பழைய பாடலை அச்சிட்டு வெளியிட்டார். கொலோன் நகரின் பேராயராக இருந்து 1075இல் மறைந்த அன்னோவின் புகழைப் பாடும் நூல் அது. உலகப் படைப்பில் தொடங்கி, பேரரசுகள் எழுந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பேராயரின் கல்லறையில் நிற்கும் பாடல். ஒபிட்ஸுக்கு ஐந்தரை நூற்றாண்டு மூத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒபிட்ஸ் கொள்ளைநோயில் இறந்தார். அவர் கையில் இருந்த சுவடி பின்னர் தொலைந்துபோயிற்று. வேறு முழுப்பிரதி எங்கும் கிடைக்கவில்லை. இன்று ‘அன்னோ பாடல்’ நமக்குக் கிடைக்கிறதென்றால், சாவுக்குச் சில மாதங்கள் முன்பு ஒரு பரோக் கவிஞர் அதை அச்சேற்றினார் என்பதே காரணம்.

ஜெர்மன் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டில் ஊற்றெடுத்து இன்றுவரை இடையறாமல் ஓடிவரும் ஆறாக அந்த இலக்கியத்தைக் காட்டுகின்றன. மூலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மடங்களில் ஒருமுறை, அரசவைகளில் ஒருமுறை, அச்சகங்களில் ஒருமுறை, போரில் எரிந்துகொண்டிருந்த நாட்டின் கல்விமான்களிடையே ஒருமுறை என்று அது திரும்பத் திரும்பத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் முன்னோர் செய்ததில் பெரும்பகுதி மறந்துபோயிருந்தது. தாய்மொழியில் ஏன் எழுதவேண்டும் என்ற கேள்விக்கும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பதில் தேடவேண்டியிருந்தது.

முதல் தொடக்கம் லத்தீனின் நிழலில் நிகழ்ந்தது. செயின்ட் காலன் மடத்தின் நூலகத்தில் இருக்கும் ‘அப்ரோகன்ஸ்’, ஜெர்மன் மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது ஓர் அகராதி; கடினமான லத்தீன் சொற்களுக்கு உள்ளூர் மொழியில் பொருள் சொல்வது. துறவிகளுக்குத் தங்கள் மொழி அப்போது லத்தீனைப் படிக்க உதவும் கருவி மட்டுமே. தோல் ஏடு விலைமிக்கது, எழுதத் தெரிந்தவர்கள் தேவாலயத்தின் ஆட்கள், எழுதப்படுவது தேவாலயத்துக்குப் பயன்பட வேண்டும். போர்வீரர்களின் பாடல்களுக்கு அங்கே இடம் இருக்க நியாயமே இல்லை.

ஆனாலும் ஒன்று நுழைந்துவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளையொட்டி, ஃபுல்டா மடத்தில் இரண்டு எழுத்தர்கள் ஒரு லத்தீன் இறையியல் நூலின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும், வெறுமையாகக் கிடந்த இடத்தில், ஒரு வீரப்பாடலை எழுதிவைத்தார்கள். அதுதான் ‘ஹில்டெப்ராண்ட் பாடல்’. முப்பது ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்துவிட்டுத் திரும்பும் ஹில்டெப்ராண்ட், இரண்டு படைகளுக்கு நடுவே தன் மகன் ஹாடுப்ராண்டை எதிர்கொள்கிறான். பெயரைக் கேட்டதுமே தந்தைக்குப் புரிந்துவிடுகிறது. தந்தை இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு வளர்ந்த மகனோ, எதிரில் நிற்பவனை ஹூணர் பக்கத்துக் கிழட்டு வஞ்சகன் என்றே எண்ணுகிறான். நீட்டப்பட்ட பொன் வளையங்களை வாங்க மறுக்கிறான். மகனுக்கு முன்னால் கோழை என்று பெயரெடுப்பதா, மகனைக் கொல்வதா? ஹில்டெப்ராண்ட் ஈட்டியை எடுக்கிறான். கேடயங்கள் சிதறுகின்றன. 68 அடிகளில் பக்கம் தீர்ந்துவிடுகிறது. பாடலும் அங்கேயே நின்றுவிடுகிறது. வடநாட்டு மரபுக் கதைகளிலிருந்து மகன் இறந்திருப்பான் என்று ஊகிக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஒரு வடிவத்தில் இருவரும் சமாதானமாகி வீடு திரும்புகிறார்கள். பழைய பாடலின் போக்கு அத்தகைய முடிவை நோக்கிச் செல்வதாக எனக்குப் படவில்லை. தப்பிக்க இருந்த வழிகள் ஒவ்வொன்றையும் பேச்சே அடைத்துக்கொண்டு வருகிறது.

அந்தத் துறவிகள் ஏன் இதை எழுதினார்கள்? பேனாவைப் பழக்கவா, மறந்துபோகக் கூடாது என்ற பற்றினாலா? தென் ஜெர்மனும் வட ஜெர்மனும் விநோதமாகக் கலந்த அதன் மொழியைப் பார்த்தால், ஒரு வட்டாரத்துப் பாடலை இன்னொரு வட்டார மொழிக்கு மாற்ற முயன்றது தெரிகிறது. வேலையில் பிழைகள் உண்டு. அக்கறையும் உண்டு. அந்த ஏட்டின் துன்பம் பிற்காலத்திலும் தீரவில்லை. 1945இல் போர் முடியும் தருணத்தில், பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து களவுபோய் அமெரிக்கா சென்றது. நூல் 1955இல் திரும்பியது. அதிலிருந்து பிரிந்துபோன முதல் ஏடு 1972இல்தான் காஸல் நகருக்கு வந்து சேர்ந்தது.

ஃபுல்டாவில் படித்த இன்னொருவர் வைசென்பர்க் மடத்துத் துறவி ஓட்ஃபிரிட். 863க்கும் 871க்கும் இடையில் அவர் இயேசுவின் வாழ்க்கையை ஃப்ராங்கிய மொழியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் பாடி முடித்தார். அதுவரை ஜெர்மானியக் கவிதையைத் தாங்கி நின்றது முதலெழுத்து மோனை. ஓட்ஃபிரிட் அதை விட்டு அடியிறுதி இயைபை ஒரு பெருநூல் முழுவதிலும் கையாண்டார். ஜெர்மன் கவிதை இதுவரை நடந்துவரும் பாதை அங்கேதான் பிரிகிறது. நூலின் முதல் இயலிலேயே ஃப்ராங்குகள் மட்டும் ஏன் தங்கள் மொழியில் கடவுளைப் பாடக்கூடாது என்று அவர் கேட்கிறார். கிரேக்கருக்கும் ரோமருக்கும் வீரத்தில் குறையாத மக்கள் என்று வாதிடுகிறார். ஆனால் மைன்ஸ் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் குரல் மாறுகிறது. இந்த மொழி கட்டுக்கு அடங்காதது, இலக்கணம் அறியாதது, இதன் ஒலிகள் லத்தீன் எழுத்துகளில் அடங்குவதில்லை என்று வருந்துகிறார். கடிதம் லத்தீனில் இருக்கிறது. தாய்மொழிக்காக வழக்காட வந்தவர் அந்த வழக்கை லத்தீனில்தான் நடத்தவேண்டியிருந்த நிலையை, அந்தக் காலத்தைப் பற்றிய எந்த விளக்கத்தையும்விட இந்தக் கடிதம் தெளிவாகக் காட்டுகிறது.

ஓட்ஃபிரிட்டுக்குப் பின் தொடர்ச்சி அறுந்தது. பத்தாம் நூற்றாண்டின் ஓட்டோனிய அரசர்களின் காலத்தில் கலை செழித்தது, ஆனால் எழுத்து லத்தீனுக்கே போனது. காண்டர்ஸ்ஹைம் மடத்தின் ஹ்ரோட்ஸ்விட் என்ற பெண் நாடகங்களே எழுதினார், அவையும் லத்தீனில். 1022இல் மறைந்த செயின்ட் காலன் ஆசிரியர் நோட்கர் மாணவர்களுக்காகத் தத்துவ நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார். அவரைப் பின்தொடர ஒருவரும் இல்லை. 1841இல் மெர்ஸபுர்க் தேவாலய நூலகத்தில் கேயோர்க் வைட்ஸ் கண்டெடுத்த இரண்டு மந்திரங்கள் மட்டும், சிறைப்பட்டவனின் கட்டை அவிழ்க்க ஒன்று, சுளுக்கிய குதிரையின் காலைச் சரிசெய்ய ஒன்று, பத்தாம் நூற்றாண்டுச் சமய ஏடொன்றில் பழைய தெய்வங்களின் பெயரோடு ஒளிந்திருந்தன.

இரண்டாம் தொடக்கத்துக்குத் துறவிகளிடமிருந்து பிரபுக்களின் கூடத்துக்கு வரவேண்டும். 1170க்கும் 1230க்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் தோன்றியவற்றை எண்ணிப்பார்த்தால் வியப்பு அடங்காது: ஹார்ட்மன் ஃபொன் அவுவேயின் ‘ஏரெக்’, ‘இவைன்’; வோல்ஃப்ராம் ஃபொன் எஷென்பாக்கின் ‘பார்ட்ஸிஃபல்’; ஸ்ட்ராஸ்பர்க் கொட்ஃபிரீட்டின் ‘டிரிஸ்டன்’; பெயர் தெரியாத ஒருவரின் ‘நீபெலுங்கன் பாடல்’; வால்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடவின் கவிதைகள். கதைகள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து வந்தன. புரவலர்களும் சிலரே. துரிங்கியாவின் ஹெர்மன் பிரபு ஒருவர். பாஸாவ் ஆயர் வோல்ஃப்கர் ஒருவர். இந்த வாழ்வு எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு ஹைன்ரிக் ஃபொன் ஃபெல்டெக்கவின் கதை சான்று. ஏனெயாஸின் கதையைப் பெரும்பகுதி எழுதி முடித்திருந்த அவருடைய சுவடி, 1174ஐ ஒட்டிக் கிளேவே நகரில் நடந்த ஒரு திருமணத்தின்போது திருடுபோயிற்று. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் துரிங்கியாவில் திரும்பக் கிடைத்த பிறகே அவரால் நூலை முடிக்க முடிந்தது.

அந்தக் காலத்தின் மிகப்பெரிய பாடல்கவிஞரான வால்டரைப் பற்றி, கவிதைக்கு வெளியே அவர் காலத்தில் எழுதப்பட்ட ஆதாரம் ஒன்றே ஒன்று. பாஸாவ் ஆயரின் பயணக் கணக்கேட்டில், 1203 நவம்பர் 12 அன்று, பாடகர் வால்டருக்கு மென்மயிர்த் தோலங்கி வாங்க ஐந்து ஸொலிடி கொடுத்ததாக ஒரு வரி. வியன்னாவுக்கு அருகே, குளிர்காலத் தொடக்கத்தில். பேரரசர்களுக்கு அறிவுரை சொன்ன, போப்பை வசைபாடிய கவிஞர் குளிருக்கு அங்கி வேண்டி நின்றவர் என்பது அந்த வரியால் உறுதியாகிறது. அதே வோல்ஃப்கரின் பாஸாவ் வட்டத்தில்தான் நீபெலுங்கன் பாடலும் எழுத்து வடிவம் பெற்றிருக்கக்கூடும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

பார்ட்ஸிஃபலைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்லவேண்டும். 24,800 அடிகளுக்கு மேற்பட்ட அந்தக் காவியத்தின் மையத்தில் இருப்பது கேட்கப்படாத ஒரு கேள்வி. காட்டில் தாயால் ஒளித்து வளர்க்கப்பட்ட சிறுவன் வீரனாகிறான். அதிகம் கேள்வி கேட்காதே என்று அவனுக்கு நாகரிகம் கற்பித்த முதியவர் சொல்லியிருக்கிறார். புனிதக் கிரால் கோட்டையில் ஆறாத புண்ணோடு அமர்ந்திருக்கும் அரசரின் முன்னால் அவன் நாகரிகமாக வாயடைத்து இருக்கிறான். என்ன துன்பம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரசர் குணமாகியிருப்பார். அந்த மௌனத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறான். அரசவை ஒழுக்கத்தைப் போற்றிய காலத்தின் தலைசிறந்த காவியம், அந்த ஒழுக்கம் இரக்கத்துக்குத் தடையாக வந்து நிற்கும் இடத்தையே தன் கருவாக்கிக்கொண்டது. தனக்கு எழுத்தறிவு கிடையாது என்று வோல்ஃப்ராம் சொல்லிக்கொள்கிறார். கற்றோர் கவிதையின் மீது அவர் வைத்த சவால் அது. கொட்ஃபிரீட்டுக்கு இந்தக் கரடுமுரடான நடை பிடிக்கவில்லை. தெளிந்த நடைக்காக ஹார்ட்மனைப் புகழும் அவர், பெயர் சொல்லாமல் தாறுமாறாகக் கதை சொல்பவர் ஒருவரைச் சாடுவது வோல்ஃப்ராமைத்தான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இலக்கியம் தன்னைத்தானே விமர்சிக்கத் தொடங்கிவிட்டதென்றால், அதற்கு முதிர்ச்சி வந்துவிட்டது என்று பொருள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹோஹென்ஸ்டாவ்ஃபன் பேரரசு சரிந்தது. அரசவைக் கவிதை அதோடு ஒரே நாளில் மறையவில்லை; நகரத்துச் செல்வர்கள் அதைத் திரட்டத் தொடங்கினார்கள். 1300க்குப் பின் சூரிச்சில் உருவான மனெஸ்ஸே சுவடியில் 140 கவிஞர்களும் 137 முழுப்பக்க ஓவியங்களும் உண்டு. திரட்டுகள் பெரும்பாலும் ஒரு மரபு முடியப்போகும்போது எழுகின்றன. அரசவைகளில் தோன்றிய பொதுக் கவிதைமொழி வட்டார மொழிகளுக்குள் கரைந்தது. ஏரெக்கின் கதி இன்னும் உருக்கமானது. இன்று அது ஏறத்தாழ முழுமையாகக் கிடைப்பது ஒரே ஒரு சுவடியில். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனின் கட்டளைப்படி போட்ஸன் நகரத்துச் சுங்க அதிகாரி ஹான்ஸ் ரீட் 1504 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து எழுதிய ‘அம்ப்ராஸ்’ திரட்டு அது. மூலம் எழுதப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அச்சகங்கள் இயங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் கையால் படியெடுத்ததால் பிழைத்த காவியம்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் எனக்கு மிக நெருக்கமான நூல் ஓர் உரைநடை. பொஹீமியாவின் ஸாஸ் நகரில் நகராட்சி எழுத்தராக இருந்த யோஹான்னஸ் ஃபொன் டெப்ல் 1401ஐ ஒட்டி எழுதிய ‘பொஹீமிய உழவன்’. 1400இல் மனைவி மார்கரெட்டாவை இழந்த ஒருவன் மரணத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கிறான். ஓர் இயலில் அவன் குற்றம் சாட்டுகிறான், அடுத்ததில் மரணம் பதில் சொல்கிறது. அவன் சபிக்கிறான், மரணம் கணக்குப் பார்க்கிறது, எல்லோரும் சாகாவிட்டால் பூமியில் இடம் ஏது என்று கேட்கிறது. 33ஆம் இயலில் கடவுள் தீர்ப்பளிக்கிறார்: பெருமை வழக்காடியவனுக்கு, வெற்றி மரணத்துக்கு. கடைசியில் இறந்தவளுக்காக ஒரு பிரார்த்தனை. இந்த நூலைப் பற்றி ஆசிரியரே நண்பருக்கு எழுதிய லத்தீன் கடிதம் ஒன்று 1933இல் வெளிப்பட்டது. அதில் அவர் துக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. ஜெர்மன் மொழியில் அணியிலக்கணத்தின் எல்லா உத்திகளையும் கையாண்டு காட்டியதாகச் சொல்கிறார். உடனே அறிஞர்கள் இரண்டு அணியானார்கள்: இது உண்மைத் துயரமா, வெறும் மொழிப் பயிற்சியா? இந்தப் பிரிவினையே தவறு என்பேன். வழக்குமன்ற நடை தெரிந்த ஒரு எழுத்தருக்குத் துயரம் வந்தால் அது வழக்காகத்தான் வரும். சொற்களை அவ்வளவு கவனமாக அடுக்கியதால் அந்த அழுகையின் வலிமை கூடியிருக்கிறது. 1460களில் பாம்பெர்க்கில் ஆல்பிரெக்ட் ஃபிஸ்டர் அச்சிட்ட முதல் ஜெர்மன் நூல்களுள் இதுவும் ஒன்று.

அச்சுக்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். லூதருக்கு முன்பே 1466 தொடங்கி 18 ஜெர்மன் பைபிள்கள் அச்சாகியிருந்தன. ஆனால் 1522 செப்டம்பரில் வந்த அவருடைய புதிய ஏற்பாடு மக்கள் பேசிய மொழியின் மூச்சில் எழுதப்பட்டிருந்தது. வார்ட்புர்க் கோட்டையில் ஒளிந்திருந்த காலத்தில் பதினோரு வாரங்களில் அதன் முதல் வரைவை முடித்தார்; முழு பைபிள் 1534இல் வெளியானது. நூர்ன்பெர்க்கின் செருப்புத் தைப்பவரான ஹான்ஸ் ஸாக்ஸ் ஆறாயிரத்துக்கும் மேல் பாடல்களும் நாடகங்களும் எழுதினார். மொழி எங்கும் பரவியது. கற்றோர் மட்டும் தங்கள் உயர்ந்த கவிதையை இன்னும் லத்தீனிலேயே எழுதிவந்தார்கள்.

1624இல் ஒபிட்ஸ் மாற்ற முயன்றது அதைத்தான். சைலீசியாவின் புன்ஸ்லாவில் பிறந்து அப்போது 26 வயதான அவர், ‘ஜெர்மன் கவிதையியல்’ என்ற சிறுநூலை ஐந்து நாளில் எழுதியதாகச் சொல்கிறார். அதன் மைய விதி எளியது: பேச்சில் ஒரு சொல்லின் எந்த அசை அழுத்தம் பெறுகிறதோ, யாப்பிலும் அதுவே அழுத்தம் பெறவேண்டும். அசைகளை எண்ணி அடி அமைப்பதால் மட்டும் ஜெர்மன் கவிதை ஆகாது. இந்த ஒரு விதியால் கவிதையின் காது மாறியது. தன் மொழிக்குப் பழைமை உண்டு என்று காட்ட வால்டரை அவர் மேற்கோள் காட்டுகிறார். மனெஸ்ஸே சுவடியிலிருந்து சில பகுதிகளை கோல்டாஸ்ட் என்பவர் 1604இல் அச்சிட்டிருந்தார். ஆனால் ஒபிட்ஸ் கற்றுக்கொண்டது வால்டரிடமிருந்து அல்ல. பிரெஞ்சுக் கவிஞர் ரொன்ஸாரிடமிருந்தும் டச்சுக் கவிஞர் ஹைன்ஸியுஸிடமிருந்தும். முன்னோரின் பெயர் துணைநின்றது, தொழில்நுட்பம் அயலாரிடமிருந்து வந்தது. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்ஃபிரிட் கேட்ட கேள்வியையே ஒபிட்ஸும் கேட்கிறார், முதல்முறையாகக் கேட்பவரைப் போல.

அப்போது முப்பதாண்டுப் போர் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பரோக் கவிதை அலங்காரச் சுமையால் நசுங்கியது என்ற குற்றச்சாட்டை அந்தரேயாஸ் கிரிஃபியுஸைப் படித்த பிறகு ஏற்க முடியாது. சைலீசியாவின் குளோகாவில் 1616இல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையையும் பதினொன்றில் தாயையும் இழந்தவர். இருபது வயதில் நாட்டின் அழிவைப் பற்றி ஒரு சொனட் எழுதினார். படைகள், எரியும் கோபுரங்கள், இரத்தமும் பிணங்களும் அடைத்த ஆறுகள் என்று அடுக்கிக்கொண்டே போய், இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்றைக் கடைசியில் சொல்கிறார்: பலரிடமிருந்து ஆன்மாவின் செல்வமும் பறிக்கப்பட்டது. மதம் மாறச் சொல்லி வற்புறுத்தப்பட்ட சைலீசிய லூதரன்களின் அனுபவம் அந்த ஓர் அடியில் இருக்கிறது. சொனட்டின் கண்டிப்பான வடிவம் இங்கே அலங்காரம் ஆகாது. சிதறிக்கொண்டிருந்த உலகை அவர் அந்தப் பதினான்கு அடிகளில்தான் நிறுத்திப் பார்க்க முடிந்தது.

கிரிம்மெல்ஸ்ஹௌசன் எதிர்வழியில் சென்றார். கெல்ன்ஹௌசன் நகரம் 1634இல் சூறையாடப்பட்டபோது சிறுவன். பின்னர் படைகளோடு வாழ்ந்தவர். ரைன் ஆற்றின் பக்கத்திலிருந்த ரென்ஹன் ஊரின் நிர்வாக அதிகாரியாக 1676இல் இறந்தார். 1668இல் வெளிவந்த அவருடைய ‘ஸிம்ப்ளிஸிஸ்ஸிமுஸ்’ ஒன்றும் அறியாத பண்ணைச் சிறுவன் ஒருவனின் குரலில் தொடங்குகிறது. படைவீரர்கள் வீட்டை உடைத்து, ஆட்களை வதைத்து, பெண்களைச் சீரழிப்பதை அவன் புரியாமலே விவரிக்கிறான். புரியாத அந்தக் குரல்தான் நம்மைத் தாங்கமுடியாமல் செய்கிறது. இந்த நூலைப் போரின் நேரடிச் சாட்சி என்று மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1636இன் விட்ஸ்டொக் போரைப் பற்றிய புகழ்பெற்ற வருணனை, ஒபிட்ஸ் திருத்தி வெளியிட்ட, ஸிட்னியின் ‘ஆர்கேடியா’ மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து ஆளப்பட்டது. இது நூலின் உண்மையைக் குறைப்பதில்லை. கண்ணால் கண்ட போரையும் சொல்லச் சொற்கள் வேண்டும், சொற்கள் நூல்களிலிருந்து வந்தன. தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அவர் பல புனைபெயர்களை வைத்துக்கொண்டார். உண்மையான பெயர் 1837–38இல்தான் கண்டறியப்பட்டது.

மரபு இப்படி அறுந்துபோனதற்கான காரணத்தை அந்தந்த நூலின் தரத்தில் தேடிப் பயனில்லை. மடம், அரசவை, கற்றோர் சங்கம் என்று தாங்கிநின்ற இடம் தளர்ந்ததும் நூலும் கைவிடப்பட்டது. நீபெலுங்கன் பாடலின் சுவடி 1755இல் ஹோஹெனெம்ஸ் நூலகத்தில் கிடைத்தபோது அது ஒரு கண்டுபிடிப்பாக இருந்தது. 1784இல் இடைக்காலக் கவிதைகளின் பதிப்பைப் பெற்ற பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக், அவற்றுக்குத் தன் நூலகத்தில் இடமில்லை என்ற பொருளில் கடுமையாகப் பதில் எழுதினார்.

ஆனால் எளிய மக்களின் கைக்கும் வாய்க்கும் வந்தவை அறுபடவில்லை. 1587இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஹான் ஷ்பீஸ் அச்சிட்ட ஃபாவ்ஸ்ட் கதை இங்கிலாந்து சென்று மார்லோவின் நாடகமாகி, ஊர் ஊராகச் சென்ற ஆங்கில நாடகக் குழுக்களோடு ஜெர்மனிக்குத் திரும்பி, பொம்மலாட்டமாகிக் குழந்தை கேத்தேயின் கண்ணில் பட்டது. பாவுல் கெர்ஹார்ட்டின் ஞானப்பாடல்களும் அப்படியே. பிள்ளைகள் ஐவரில் நால்வரைப் பறிகொடுத்தவர். பிராண்டன்பர்க் தேர்வரசரின் சமய ஆணைக்கு உடன்படாமல் பெர்லினில் வேலையை இழந்தவர். அவருடைய பாடல்கள் தேவாலயங்களில் வாரந்தோறும் பாடப்பட்டதால் யாரும் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1727இல் பாக் தன் ‘மத்தேயு பாடுகள்’ இசைப்படைப்பில் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு ஜெர்மன் ஞானப்பாடல்கள் அதே மெட்டுகளோடு தமிழுக்கு வரத் தொடங்கின. 1791இல் மறைந்த ஃபப்ரிஷியஸ் அவற்றில் பலவற்றை மொழிபெயர்த்தார், கெர்ஹார்ட்டின் பாடல்கள் உட்பட. கிரிம்மெல்ஸ்ஹௌசனின் பெயரை ஜெர்மானியர் அறிவதற்கு முன்பே அவர் காலத்துக் கவிஞர் ஒருவரைச் சோழமண்டலக் கரையின் லூதரன் சபைகள் தமிழில் பாடிக்கொண்டிருந்தன, இன்றும் பாடுகின்றன.